மாசுபட்ட நிலத்தை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும்?

கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலையில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை உள்ளூர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்த மாதம் அது. 2003இல் கண்ணாடிக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. தொழிற்சாலை வளாகத்தின் மண்ணில் இறங்கிவிட்ட பாதரசம் அங்கேயே இருந்தது. அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற விவாதம் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இழுத்தது.

10, 20, 25 என்று எண்கள் மாறி மாறிப் பேசப்பட்டன. கடைசியில், ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று முடிவானது. எதிர்த்தவர்கள் 1 மில்லிகிராம் கேட்டார்கள். “பிரிட்டனில் 1, இங்கே 20 என்றால் எங்கள் உயிர் அவ்வளவு மலிவா?” என்றது ஒரு தரப்பு. “ஆய்வு செய்துதான் சொல்லியிருக்கிறார்கள், 20 பாதுகாப்பானது” என்றது இன்னொரு தரப்பு. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த விவாதத்தை ஊடகங்களில் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். பாதரசத்துக்கென்று பாதுகாப்பான எண் ஒன்று ஏற்கெனவே இருப்பதுபோலவும், அதை ஒருவர் மறைக்கிறார், இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டார் என்பதுபோலவும் பேச்சு போகிறது. அப்படி ஒரு எண் கிடையாது. சுத்தப்படுத்தும் வேலை முடிந்தபின் மண்ணிலோ நீரிலோ எவ்வளவு மாசு மிஞ்சலாம் என்று வரையறுக்கும் அளவுக்குச் சீரமைப்பு இலக்கு என்று பெயர். அது ஒரு கணக்கின் விடை. யாரைக் காப்பாற்ற, எந்த வழியாக வரும் ஆபத்திலிருந்து, எத்தனை காலத்துக்கு என்று நாம் கணக்கில் போடுவதைப் பொறுத்து விடை மாறும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை இங்கே சொல்கிறேன்.

யாருக்காகச் சுத்தம்?

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தரையை எப்படித் துடைப்போம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூலை முடுக்கெல்லாம், நாற்காலிக்கு அடியிலும் துடைப்போம். அதே வீட்டு மாட்டுத் தொழுவத்தை அப்படித் துடைப்பதில்லை, கூட்டி அள்ளினால் போதும். இரண்டு இடத்திலும் அழுக்கு ஒன்றுதான். ஆனால் குழந்தை தரையில் கை வைக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். சுத்தத்தின் அளவு அங்கே உயர்வதற்குக் காரணம் அதுதான்.

மாசுபட்ட நிலத்திலும் இதே யோசனைதான். வீடு கட்டப்போகும் மனைக்கு இலக்கு கடுமையாக இருக்கும், கிடங்குக்குத் தளர்வாக இருக்கும். கனடாவின் மண் தர வழிகாட்டி பாதரசத்துக்குக் குடியிருப்பு நிலத்தில் 6.6, வணிக நிலத்தில் 24, தொழிற்சாலை நிலத்தில் 50 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. ஒரே நாடு, ஒரே பாதரசம், மூன்று எண்கள். யாராவது “கனடாவில் இவ்வளவு அனுமதிக்கிறார்கள்” என்று சொன்னால், எந்த நிலத்துக்கு என்று உடனே கேட்க வேண்டும்.

ஆபத்து வந்து சேர மூன்று வேண்டும்

நிலத்தில் நச்சு இருப்பது மட்டும் ஆபத்து ஆகிவிடாது. நச்சு கிடக்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும், அதை மூலம் என்பார்கள். அது நகர்ந்து வர வழி வேண்டும், அது பாதை. வந்து சேர்ந்து பாதிக்க ஓர் உயிர் வேண்டும், அது ஏற்பி. ஏற்பி மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மீன், பறவை, சோலைக்காடு எதுவாகவும் இருக்கலாம். மூன்றில் ஒன்றை அறுத்தாலும் ஆபத்து நின்றுபோகும்.

கொடைக்கானலில் இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் படம் விரிகிறது. மூலம் தொழிற்சாலை மண். பாதைகள் பல. மண் கையில் ஒட்டி வாய்க்குப் போகலாம். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், எனவே மூச்சு வழியாகவும் போகலாம். வளாகம் சரிவில் இருக்கிறது, கீழே பாம்பார் சோலை. மழையில் கரைந்தோடும் மண், பாம்பாற்றின் வழியே கும்பக்கரை அருவியைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கும். நீர்நிலையின் அடிச்சேற்றில் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். இது மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் வடிவம், நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. ஆக ஏற்பிகளின் வரிசையில் வளாகத்துக்குள் நடமாடுகிறவர், அக்கம்பக்கத்துக் குழந்தை, சோலையின் உயிரினங்கள், கீழே மீன் சாப்பிடுகிறவர் எல்லோரும் வருகிறார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: இலக்கு நச்சின் பெயரிலிருந்து பிறப்பதில்லை, அந்த இடத்தின் பாதைகளிலிருந்தும் ஏற்பிகளிலிருந்தும் பிறக்கிறது. எந்தப் பாதையைக் கணக்கில் எடுக்கவில்லையோ, அந்த வழியில் இலக்கு யாரையும் காப்பாற்றாது.

20 போன்ற ஓர் எண் எப்படி வருகிறது

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இது கொடைக்கானலுக்காகப் போடப்பட்ட கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழக்கமாகப் பயன்படுத்தும் எண்களை வைத்து, வழிமுறையைக் காட்டுவதற்காகப் போடுகிறேன்.

முதலில் தேவைப்படுவது ஏற்கத்தக்க தினசரி அளவு. வாழ்நாள் முழுக்கத் தினமும் உடலுக்குள் போனாலும் கேடு வராது என்று மதிப்பிடப்படும் அளவு அது. பாதரச உப்புகளுக்கு அந்த முகமை வைத்திருப்பது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். எலிகளிடம் செய்த சோதனைகளில் பாதிப்பு தெரிந்த அளவை எடுத்து, மனிதர் வேறு, குழந்தைகள் வேறு, நமக்குத் தெரியாதவை இருக்கின்றன என்பதற்கெல்லாம் சேர்த்து ஆயிரத்தால் வகுத்துக் கிடைத்த எண் அது.

இப்போது 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 15 × 0.3 = 4.5. அந்தக் குழந்தைக்கு ஒரு நாளில் 4.5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. விளையாடும் குழந்தை கையில் ஒட்டியும் தூசியாகவும் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்குகிறது என்று கணக்கு வைப்பார்கள். ஒரு சிட்டிகை அளவு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் உள்ள மண் என்றால், அந்தச் சிட்டிகையில் 4 மைக்ரோகிராம் இருக்கும். 4.5க்குள் அடங்கிவிட்டது. 22.5 வரை தாங்கும் என்று கணக்கு வரும். வருடத்தில் 350 நாள் மட்டும் அந்த வீட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அது சுமார் 23 ஆகும். அந்த முகமையின் பட்டியலில் குடியிருப்பு மண்ணுக்குப் பாதரச உப்புகளின் அளவாக 23 என்று இருப்பதன் பின்னணி இதுதான்.

அப்படியானால் 20 சரிதானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கணக்கில் குழந்தையின் ஒரு நாள் பங்கு முழுவதையும் மண்ணுக்கே கொடுத்துவிட்டோம். அந்தக் குழந்தைக்குச் சாப்பாட்டின் மூலமும் பாதரசம் கொஞ்சம் போகிறது, பாதிப் பங்கை அதற்கு ஒதுக்குகிறோம் என்று வையுங்கள். எண் சட்டென்று 11க்கு இறங்கிவிடும். ஆவி இந்தக் கணக்கில் இல்லை. மீன் இல்லை. சோலை இல்லை. ஒரே ஒரு பாதை, ஒரே ஒரு ஏற்பி. இந்தக் கணக்கில் கூட்டலும் பெருக்கலும் மட்டுமே அறிவியலின் பொறுப்பு என்று சொல்ல மாட்டேன். மண் எவ்வளவு விழுங்கப்படும், நச்சு எந்த அளவில் தாக்கும் என்பதெல்லாம் உழைத்துச் சேர்த்த அறிவு. ஆனால் எந்தப் பாதையைச் சேர்ப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு ஒதுக்குவது என்பது மனிதர்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. அந்த முடிவு எடுக்கப்படும் அறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பிரிட்டனின் 1 எங்கிருந்து வந்தது

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009இல் பாதரசத்துக்கு வெளியிட்ட குடியிருப்பு மண் அளவு ஒன்றல்ல, மூன்று. தனி உலோகமாக இருக்கும் பாதரசத்துக்கு 1. உப்பாகிவிட்ட பாதரசத்துக்கு 170. மெத்தில் பாதரசத்துக்கு 11.

1க்கும் 170க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன்? தெர்மாமீட்டருக்குள் இருக்கும் வெள்ளிநிறத் திரவ உலோகம் மண்ணிலிருந்து ஆவியாகி, வீட்டுக்குள் ஏறி, மூச்சில் கலக்கும். அதனால் அதற்கு 1. உப்பு வடிவம் அப்படி எளிதில் ஆவியாகாது, அதனால் 170. இதைத் தெரிந்துகொண்டால் விவாதத்தின் முகமே மாறிவிடும். “பிரிட்டனில் 1” என்று மட்டும் சொன்னால், எதிர்த் தரப்பு “பிரிட்டனில் 170” என்று பதில் சொல்லிவிடலாம். இரண்டும் உண்மை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மண்ணில் எந்த வடிவப் பாதரசம் எவ்வளவு இருக்கிறது, சோதித்தீர்களா? ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலைக்குள் வந்ததே தனி உலோகமாகத்தான் என்னும்போது, இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது.

சல்லடை அளவும் இலக்கும் வேறு

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நான் மேலே சொன்ன அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் எண்கள் பெரும்பாலும் சல்லடை அளவுகள். மண்ணில் அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, மேலே இருந்தால் மேற்கொண்டு ஆராயுங்கள் என்று சொல்வதற்காகப் போட்டவை. ஓர் இடத்தின் சீரமைப்பு இலக்கு, அந்த இடத்தின் மண், சரிவு, நீரோட்டம், மக்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தனியாகப் போட வேண்டிய கணக்கு. சல்லடை அளவை அப்படியே இலக்காக எடுத்து ஒட்டினால் சில இடங்களில் வீண் செலவாகும், சில இடங்களில் பாதுகாப்பே கிடைக்காது.

இலக்குக்குக் கீழ் எல்லையும் உண்டு. தொழிற்சாலை வருவதற்கு முன்பே அந்த ஊர் மண்ணிலும் நீரிலும் இயற்கையாக எவ்வளவு இருந்ததோ அது பின்னணி அளவு. அதற்குக் கீழே சுத்தம் செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை. இதை அளக்கும் முறையே சண்டையாகிவிடுவதும் உண்டு. கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி ஊரில் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த விவகாரத்தில், இயற்கையாக இருந்தது எவ்வளவு, நிறுவனத்தால் வந்தது எவ்வளவு என்ற கேள்வி பல ஆண்டுகள் நீடித்தது.

கடுமையான இலக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாத சூழலும் வரும். கொடைக்கானல் வளாகம் சரிவில் மரங்களோடு இருக்கிறது. இலக்கைக் குறைக்கக் குறைக்க அதிக மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்கள் போகும், மண் சரியும், அதோடு பாதரசமும் சோலைக்குள் இறங்கும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. காதுகொடுத்துக் கேட்க வேண்டிய வாதம்தான். ஆனால் அது தோண்டும் முறையைப் பற்றிய வாதம். எவ்வளவு மிஞ்சினால் பாதுகாப்பு என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பேசினால்தான், முழுதாகச் சுத்தம் செய்ய முடியாத பகுதி எது, அங்கே மிஞ்சும் ஆபத்தை வேறு எப்படித் தடுப்பது என்று வெளிப்படையாக எழுத வேண்டி வரும்.

நிலத்தடி நீரில் கணக்கு இன்னும் சிக்கல்

மண் ஓரிடத்தில் கிடக்கும். நீர் நகரும். இதற்கு ராணிப்பேட்டையை விடத் தெளிவான உதாரணம் நமக்குத் தேவையில்லை.

அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு திறந்தவெளியில் மேடாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் நீர் வழியும். அந்த மஞ்சள், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம். இந்த வடிவம் நீரில் எளிதாகக் கரையும், நச்சுத்தன்மை அதிகம், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. மூன்று இணைதிறன் கொண்ட இன்னொரு வடிவம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் நகராது. சீரமைப்பில் பரவலாகச் செய்யப்படுவது, இரும்பு சல்பேட் போன்ற பொருளைக் கலந்து முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றுவது. அதைச் செய்த பிறகும் மண்ணில் மொத்தக் குரோமியம் அதே அளவில்தான் இருக்கும், ஆபத்து மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே மொத்தக் குரோமியத்தை மட்டும் வைத்து இலக்கு எழுதினால் அது ஒன்றையும் சொல்லாது. மண்ணை நீரில் ஊறவைத்துக் குலுக்கி, எவ்வளவு கரைந்து வருகிறது என்று பார்க்கும் கசிவுச் சோதனையைச் சார்ந்து இலக்கு எழுத வேண்டும்.

நீருக்கான எண் எங்கே இருந்து வரும்? குடிநீர் தர அளவிலிருந்து. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் மொத்தக் குரோமியத்துக்கு ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராமும், பாதரசத்துக்கு 0.001 மில்லிகிராமும் வைத்திருக்கிறது. மண்ணைப் போல இங்கே பல எண்களின் குழப்பம் குறைவு. ஆனால் இரண்டு கேள்விகள் புதிதாகச் சேரும்.

முதலாவது, எந்த இடத்தில் அளப்பது. கழிவு மேட்டின் விளிம்பில் உள்ள கிணற்றில் 0.05 வர வேண்டுமா, அல்லது ஊரின் குடிநீர்க் கிணற்றுக்கு வரும்போது 0.05 இருந்தால் போதுமா? இரண்டாவதை ஏற்றால், நடுவில் இருக்கும் நிலத்தடி நீர் முழுவதையும் கைவிட்டதாக ஆகும். அந்த நடுப்பகுதியில் நாளை ஒரு விவசாயி போர் போட்டால் என்ன செய்வது? இந்த அளவிடும் இடத்தின் தேர்வு இலக்கு எண்ணைவிடப் பெரிய விளைவை உண்டாக்கும், ஆனாலும் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு எழுவதைக் காண்பது அரிது.

இரண்டாவது, எப்போது அளப்பது. மாசுபட்ட நீரை இறைத்துச் சுத்தம் செய்யும்போது முதலில் அளவு வேகமாக இறங்கும். பிறகு இறங்காமல் ஒரே மட்டத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி ஏறும். களிமண்ணுக்குள்ளும் பாறை வெடிப்புகளுக்குள்ளும் ஊறிப்போன மாசு மெல்ல மெல்ல வெளியே கசிவதுதான் காரணம். ராணிப்பேட்டையைப் போலப் பாறைத் தளத்தில் இருக்கும் ஊர்களில் இது கூடுதலாக நடக்கும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரு மாதிரியைக் காட்டி இலக்கை எட்டிவிட்டோம் என்பதை ஏற்க முடியாது. நிறுத்திய பிறகு சில பருவமழைகளைத் தாண்டியும் அளவு ஏறாமல் இருக்க வேண்டும் என்பதும் இலக்கின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும்.

சுருக்கமாக: நீருக்கான இலக்கில் எண்ணோடு இடமும் காலமும் சேர்ந்தே இருக்க வேண்டும். எண் மட்டும் இருந்தால் அது பாதி இலக்குதான்.

சராசரிக்குள் ஒளியும் இடங்கள்

இலக்கை எட்டியதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு வளாகத்தில் பத்து இடத்தில் மண் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது இடத்தில் 5, ஓரிடத்தில் 150. சராசரி 19.5. இலக்கு 20 என்றால் தாளில் வளாகம் தேறிவிட்டது. ஆனால் அந்த ஓரிடத்தில் 150 அப்படியே இருக்கிறது. பாதரசம் கனமான திரவம், குட்டி முத்துகளாக உருண்டு போய் ஒரு பள்ளத்திலோ வடிகால் ஓரத்திலோ தேங்கும். இப்படிப்பட்ட மாசுக்குச் சராசரி ஏமாற்றும் அளவுகோல். எந்த ஓர் இடத்திலும் இதற்கு மேல் இருக்கக் கூடாது என்ற உச்ச வரம்பும், எத்தனை மீட்டருக்கு ஒரு மாதிரி, எவ்வளவு ஆழத்தில் என்ற விவரமும் சேர்ந்தால்தான் 20 என்பதற்கு உயிர் வரும்.

நிபந்தனையை எங்கே எழுதி வைப்பது

நிலத்தின் பயன்பாட்டைப் பொறுத்து இலக்கு மாறும் என்று பார்த்தோம். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு என்று தளர்வான இலக்கு வைத்துச் சுத்தம் செய்த நிலம், இருபது ஆண்டில் மனைகளாகப் பிரிக்கப்படலாம். வாங்குகிறவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பார். அதில் பதிவான பத்திரங்களும் அடமானங்களும் இருக்கும். இந்த மண் குடியிருப்புக்கு ஏற்ற அளவில் சுத்தம் செய்யப்படவில்லை என்ற செய்தி இருக்காது. கணக்கின் அடிப்படையாக இருந்த நிபந்தனை ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் தங்கிவிடும்.

மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இனி இப்படிப்பட்ட இலக்குகள் நம் ஊர்களிலும் அதிகம் பேசப்படும். உங்கள் பகுதியில் அப்படி ஒரு பேச்சு வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இடர் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முடிவுரையைப் படிப்பதற்கு முன், அனுமானங்கள் பட்டியலிடப்பட்ட பக்கத்துக்குப் போங்கள். நிலத்தை யார் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறார்கள், குழந்தை இருக்கிறதா, மீனும் கிணறும் இருக்கின்றனவா, எந்தப் பாதைகளை “பொருந்தாது” என்று அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடித்த ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிட்டு, அதன்பிறகு எண்ணைப் பற்றிப் பேசலாம்.